ரம்புத்தான் தோலும் காந்தச் சுழலும்
ஒரு முடிச்சு மின்சாரத்தைத் திருப்பும் கதை

1960களின் தொடக்கத்தில் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டோனி ஸ்கர்ம் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் பணியாற்றினார். இங்கிலாந்தின் ஹார்வெல் அணுசக்தி ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் இருந்தவர் அவர். மனைவியுடன் மேற்கொண்ட ஒரு நீண்ட உலகப் பயணத்தில் மலாயாவின் பசுமை மனத்துக்குப் பிடித்துப்போக, பின்னர் இங்கேயே வேலைக்கு வந்தார். 1964இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியராகத் தாயகம் திரும்பினார். 1987இல் காலமானார்.

இன்று உலகின் காந்தவியல் ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் அவர் பெயர் நாள்தோறும் ஒலிக்கிறது. காந்தப் பொருள்களுக்குள் தோன்றும் ஒருவகை நுண்ணிய சுழலுக்கு 'ஸ்கர்மியான்' என்று பெயர். ஆனால் ஸ்கர்ம் காந்தங்களை ஆராய்ந்தவர் அல்லர். அவர் ஆராய்ந்தது அணுக்கருவை. அணுக்கருவில் உள்ள புரோட்டானும் நியூட்ரானும் ஏன் நிலையாக இருக்கின்றன, ஏன் கரைந்து போவதில்லை என்பதே அவர் கேள்வி.

அவற்றை ஒரு புலத்தில் விழுந்த முடிச்சாகக் கருதலாம் என்று 1961, 1962ஆம் ஆண்டுகளில் வெளியான கட்டுரைகளில் அவர் எழுதினார். முடிச்சு விழுந்த கயிற்றை எவ்வளவு ஆட்டினாலும் முடிச்சு தானாக அவிழாது. அதுபோல, புலத்தின் முறுக்கே துகளைக் காப்பாற்றுகிறது என்பது அவர் கருத்து. இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. 1867இல் லார்ட் கெல்வின், அணுக்கள் என்பவை ஈதர் என்ற ஊடகத்தில் விழுந்த சுழல் முடிச்சுகளே என்று சொல்லியிருந்தார். ஈதர் என்று ஒன்று இல்லை எனப் பின்னர் தெரிந்துவிட்டது. ஆனால் 'முடிச்சு நிலைக்கும்' என்ற எண்ணம் மட்டும் பிழைத்துக்கொண்டது.

அந்த எண்ணம் அணுக்கருவிலிருந்து காந்தத்துக்கு எப்படி வந்தது? ஒரு காந்தச் சுழல் மின்சாரத்தின் பாதையை எப்படித் திருப்புகிறது? அதனால் சாமானிய மக்களுக்கு என்ன பயன்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

காந்தத்துக்குள் என்ன இருக்கிறது?

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் சிறு காந்தத்தை எடுத்துக்கொள்வோம். அதற்குள் உள்ள எலெக்ட்ரான்களுக்கு மின்னூட்டம் இருப்பதைப் போலவே 'தற்சுழற்சி' என்ற இன்னொரு பண்பும் உண்டு. ஆங்கிலத்தில் இதை ஸ்பின் என்பார்கள். எலெக்ட்ரான் உண்மையிலேயே பம்பரம்போல் சுற்றுகிறது என்று பொருள் அல்ல. ஒவ்வொரு எலெக்ட்ரானும் ஒரு மிகச் சிறிய காந்த ஊசியைப்போல் நடந்துகொள்கிறது என்பதே பொருள். அந்த ஊசியை ஓர் அம்புக்குறியாகக் கற்பனை செய்தால் போதும்.

இரும்பு போன்ற பொருள்களில் பக்கத்துப் பக்கத்து அம்புகள் ஒரே திசையைப் பார்க்க விரும்புகின்றன. பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தின்போது மாணவர்கள் எல்லாரும் கொடிக்கம்பத்தைப் பார்த்து நிற்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். எல்லா அம்புகளும் ஒரே திசையில் சேர்வதால்தான் காந்தத்துக்கு இழுக்கும் ஆற்றல் வருகிறது.

ஆனால் சில பொருள்களில் இரண்டாவது விதி ஒன்றும் குறுக்கே வருகிறது. 'பக்கத்து மாணவனைவிடக் கொஞ்சம் திரும்பி நில்' என்பதே அந்த விதி. சோவியத் அறிஞர் இகோர் ஸியாலொஷின்ஸ்கி 1950களின் பிற்பகுதியிலும், ஜப்பானிய அறிஞர் தோரு மோரியா 1960இலும் இதற்கான காரணத்தை விளக்கினர். கண்ணாடியில் பார்த்தால் இடமும் வலமும் மாறித் தெரியும் அமைப்புள்ள படிகங்களில் இந்த விதி செயல்படும். வலது கையையும் இடது கையையும்போல ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத அமைப்பு அது. இரண்டு வெவ்வேறு உலோகப் படலங்கள் ஒட்டும் இடத்திலும் இதே நிலை ஏற்படும். ஏனெனில் அங்கே மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒன்றல்ல.

ஒரு விதி 'நேராக நில்' என்கிறது. மற்றொரு விதி 'திரும்பி நில்' என்கிறது. இரண்டும் சமரசம் செய்துகொண்டால் அம்புகள் மெல்ல மெல்லத் திரும்பி ஒரு சுருளாக அமைகின்றன. மாங்கனீசு சிலிசைடு என்ற உலோகச் சேர்மத்தில் இந்தச் சுருளின் ஒரு முழுச் சுற்று சுமார் 18 நானோமீட்டர். அந்தப் படிகத்தின் அடிப்படை அலகு அரை நானோமீட்டருக்கும் குறைவு. அப்படியானால் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 40 அலகுகள் தேவைப்படுகின்றன. அவ்வளவு மெதுவான திருப்பம் அது.

இந்தச் சுருள் மேலும் மடங்கி, வட்டமாக மூடிக்கொண்டால் கிடைப்பதுதான் ஸ்கர்மியான்.

ரம்புத்தானை உரித்துப் பார்த்தால்...

ஸ்கர்மியானின் உருவத்தைப் புரிந்துகொள்ள ஒரு ரம்புத்தான் பழம் போதும். பழத்தின் தோல் முழுவதும் முடிகள் எல்லாத் திசைகளையும் நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன. மேலே உள்ள முடி மேல்நோக்கியும், அடியில் உள்ள முடி கீழ்நோக்கியும், நடுப்பகுதியில் உள்ளவை பக்கவாட்டிலும் நிற்கின்றன. வானத்தில் எந்தத் திசையைச் சொன்னாலும் அந்தத் திசையைச் சுட்டும் முடி ஒன்று பழத்தில் இருக்கும்.

இப்போது அந்தத் தோல் ரப்பரைப்போல் இழுபடக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். காம்பு இருக்கும் மேல்முனையில் ஒரு துளையிட்டு, முடிகள் தத்தம் திசையை மாற்றிக்கொள்ளாதபடி தோலை நாலாபக்கமும் இழுத்து ஒரு மேசையில் விரிக்க வேண்டும். என்ன தெரியும்? நடுவில் உள்ள முடி கீழ்நோக்கி இருக்கும். விளிம்பில் உள்ளவை எல்லாம் மேல்நோக்கி இருக்கும். இடைப்பட்ட வளையத்தில் முடிகள் படுத்த நிலையில் வெளிப்பக்கம் பார்க்கும். முடிகளுக்குப் பதிலாகக் காந்த அம்புகளை வைத்தால் அதுவே ஸ்கர்மியான். சில பொருள்களில் இடைவளையத்து அம்புகள் வெளியே பார்க்காமல், கோப்பியைக் கலக்கும்போது எழும் சுழல்போல வட்டமிட்டு நிற்கும். இரண்டும் ஒரே குடும்பம்தான்.

இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஒரு முழுப் பழத்தின் திசைகள் அனைத்தும் இந்தச் சுழலுக்குள் அடங்கியிருக்கின்றன. அதனால் இதை முழு எண்ணால் எண்ணலாம். ஒரு பழம், இரண்டு பழம் என்று சொல்லலாமே தவிர, முக்கால் பழம் என்று சொல்ல முடியாது. அம்புகளை மெதுவாகச் சீவிச் சீவி ஒன்றைப் பூச்சியமாக்கவும் முடியாது. எங்காவது ஓரிடத்தில் வரிசையைப் பிய்த்தால்தான் சுழல் அழியும். சிக்குக் கோலத்தின் இழையை வெட்டாமல் சிக்கை எடுக்க முடியாது என்பதைப் போன்றது இது. உருவங்களின் இத்தகைய மாறாத் தன்மையை ஆராயும் கணிதத்துக்கு இடத்தியல் என்று பெயர்.

இது நிரந்தரப் பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. உண்மையான பொருள் அணுக்களால் ஆனது. அணுக்களுக்கு இடையே இடைவெளி உண்டு. போதிய வெப்பமோ விசையோ கிடைத்தால் வரிசை பிய்ந்து சுழல் மறைந்துவிடும். மறைவதற்கு ஒரு தடுப்புச் சுவரைத் தாண்ட வேண்டும் என்பதே சரியான விளக்கம். சுவர் உயரமாக இருந்தால் சுழல் நீண்ட நாள் வாழும்.

இருபது ஆண்டுகள் காத்திருந்த கணிப்பு

காந்தங்களில் இத்தகைய சுழல்கள் நிலைத்து நிற்க முடியும் என்று 1989இல் அலெக்ஸி பொக்தானோவ், டிமித்ரி யாப்லான்ஸ்கி ஆகிய இருவரும் கணக்கிட்டு வெளியிட்டனர். அப்போது அவர்கள் சோவியத் ஒன்றியத்தில் இருந்த உக்ரேனின் டோனெட்ஸ்க் நகரில் பணியாற்றினர். கணிப்பு அச்சில் வந்தது. ஆனால் கண்ணால் கண்டவர் யாரும் இல்லை.

விடை 2009இல் ஜெர்மனியில் கிடைத்தது. மியூனிக் நகருக்கு அருகே உள்ள கார்ஹிங் ஆய்வு அணு உலையில் இருந்து வரும் நியூட்ரான் கற்றையை மாங்கனீசு சிலிசைடு படிகத்தின்மீது பாய்ச்சினர். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. ஆனால் தற்சுழற்சி உண்டு. அதனால் பொருளுக்குள் ஊடுருவிச் சென்று அம்புகளின் ஒழுங்கைத் தெரிந்து வரக்கூடியது அது.

இந்தச் சேர்மம் ஏறத்தாழ 29 கெல்வினுக்குக் கீழே, அதாவது பூச்சியத்துக்கு 244 பாகை செல்சியஸ் கீழே குளிர்ந்த பிறகுதான் காந்தத் தன்மை பெறுகிறது. அந்த வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே, மிதமான காந்தப்புலத்தில், புரியாத புதிராக ஒரு சிறு பகுதி இருப்பது பல ஆண்டுகளாகத் தெரிந்திருந்தது. காந்தப்புலத்தை நியூட்ரான் கற்றையின் திசையிலேயே அமைத்துப் பார்த்தபோது, திரையில் அறுகோணமாக ஆறு புள்ளிகள் தோன்றின. சுழல்கள் தேன்கூட்டு அறைகளைப்போல அடுக்கடுக்காக நிற்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி. கிறிஸ்டியான் ஃபிளைடரர், அகிம் ரோஷ் ஆகியோர் இடம்பெற்ற அந்தக் குழுவின் கட்டுரை 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது.

மறு ஆண்டே, 2010இல், ஜப்பானிய ஆய்வாளர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வழியாக நேரடிப் படமே எடுத்துவிட்டனர். இரும்பு, கோபால்ட், சிலிக்கான் கலந்த மெல்லிய படலத்தில் சுமார் 90 நானோமீட்டர் இடைவெளியில் சுழல்கள் வரிசை கட்டி நின்றன. மனிதத் தலைமுடி ஒன்றின் குறுக்களவில் அப்படிப்பட்ட சுழல்கள் பல நூறு அடங்கும்.

மின்சாரம் ஏன் திரும்புகிறது?

கதையின் மையப்பகுதி இதுதான். 1879இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் எட்வின் ஹால் என்ற மாணவர் ஒரு மெல்லிய தங்கத் தகட்டில் மின்சாரம் பாய்ச்சி, அதற்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் வைத்தார். நேராக ஓட வேண்டிய மின்னோட்டம் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, தகட்டின் இரு ஓரங்களுக்கு இடையே சிறு மின்னழுத்தம் தோன்றியது. இதற்கு ஹால் விளைவு என்று பெயர். காந்தப் பொருள்களில் அந்தப் பொருளின் சொந்தக் காந்தத் தன்மையால் இந்த விளைவு இன்னும் கூடுதலாகத் தெரியும்.

ஸ்கர்மியான்கள் உள்ள பொருளில் இந்த இரண்டுக்கும் மேலாக மூன்றாவது பங்கு ஒன்று சேர்கிறது. வெளியே வைத்த காந்தப்புலம் சிறியதாக இருந்தாலும், எலெக்ட்ரான்கள் ஏதோ பெரிய காந்தப்புலத்தில் அகப்பட்டதைப்போல் விலகுகின்றன. இடத்தியல் ஹால் விளைவு என்று இதைச் சொல்வார்கள். 2009இல் மாங்கனீசு சிலிசைடின் அதே சிறு பகுதியில் இது அளந்து காட்டப்பட்டது.

காரணம் என்ன? உலகப் படத்தை வைத்து விளக்கலாம். ஒருவர் வட துருவத்தில் நின்று, கையில் ஒரு கோலைத் தெற்கு நோக்கி நீட்டிப் பிடித்துக்கொள்கிறார். கோலைச் சற்றும் திருப்பாமல் நேராகத் தெற்கே நடந்து, நிலநடுக்கோட்டை ஒட்டியுள்ள சிங்கப்பூருக்கு வருகிறார். கோல் இப்போதும் தெற்கே பார்க்கிறது. அங்கிருந்து கோலைத் தெற்கு நோக்கியே பிடித்தபடி மேற்கே, உலகின் கால் சுற்றுத் தூரம் சென்று, ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டை அடைகிறார். அங்கிருந்து நேராக வடக்கே ஏறி மீண்டும் வட துருவம் சேர்கிறார். வழியில் ஒருமுறைகூடக் கோலைத் திருப்பவில்லை. ஆனால் புறப்பட்டபோது சுட்டிய திசைக்கும் இப்போது சுட்டும் திசைக்கும் 90 பாகை வேறுபாடு. கோலைத் திருப்பியது கை அல்ல. உருண்டையான பூமியின் வடிவம்தான்.

எலெக்ட்ரானுக்கும் இதுவே நேர்கிறது. ஸ்கர்மியானைக் கடக்கும்போது அது தன் அம்பை அந்தந்த இடத்து அம்புகளோடு ஒத்துப்போகும்படி திருப்பிக்கொண்டே செல்கிறது. ரம்புத்தான் பழத்தின் மேற்பரப்பில் பயணம் செய்வதற்கு அது சமம். பயணம் முடியும்போது எலெக்ட்ரான் அலையின் கட்டத்தில் ஒரு கூடுதல் மாற்றம் சேர்ந்துவிடுகிறது. உண்மையான காந்தப்புலத்தில் சென்றாலும் எலெக்ட்ரானுக்கு இதே வகை மாற்றம்தான் ஏற்படும். இரண்டையும் எலெக்ட்ரானால் பிரித்தறிய முடியாது. ஆகவே காந்தப்புலத்தில் விலகுவதைப்போலவே இங்கும் விலகுகிறது.

வடிவத்தால் வரும் இந்தக் கட்ட மாற்றத்துக்குப் பொதுவான கோட்பாட்டை 1984இல் வகுத்தவர் பிரிட்டனின் மைக்கேல் பெர்ரி. ஆனால் ஒளியைப் பொறுத்தவரை இதே உண்மையை 1956இலேயே பெங்களூரில் ஓர் இளைஞர் கண்டுபிடித்திருந்தார். அவர் சிவராமகிருஷ்ணன் பஞ்சரத்தினம். சர் சி.வி.ராமனின் நெருங்கிய உறவினர். ராமன் ஆய்வுக்கழகத்தில் பணியாற்றியவர். அப்போது அவருக்கு வயது 22. படிகங்கள் வழியாகச் செல்லும் ஒளியை ஆராய்ந்தபோது இது அவருக்குப் புலப்பட்டது. 1969இல் 35 வயதிலேயே அவர் மறைந்துவிட்டார். 1987இல் பெர்ரியே அவருடைய பணியை எடுத்துக்காட்டி எழுதினார். இன்று பஞ்சரத்தினம் பெயரும் பெர்ரி பெயரும் சேர்த்தே சொல்லப்படுகின்றன.

சின்னதாக இருந்தால் வலிமை அதிகம்

ஒவ்வொரு ஸ்கர்மியானும் எலெக்ட்ரானுக்குக் காட்டும் காந்தப் பாயத்தின் அளவு மாறாதது. பிளாங்க் மாறிலியை எலெக்ட்ரானின் மின்னூட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் அளவு அது. சுழல் பெரியதோ சிறியதோ, ஒரு சுழலுக்கு ஒரு பங்குதான். முழுப் பழத்துக்கு ஒரு பங்கு என்ற கணக்கு இங்கே நேரடியாகப் பயன்படுகிறது.

பங்கு மாறாது என்றால், இடம் குறையக் குறையப் புலத்தின் செறிவு கூட வேண்டும். மாங்கனீசு சிலிசைடில் இந்தத் தோன்றும் புலம் 10 டெஸ்லா அல்லது அதற்கும் சற்று அதிகம் என்று கணக்கு வருகிறது. மருத்துவமனைகளில் உடலைப் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லாதான். சுழல்கள் 70 நானோமீட்டர் அளவுள்ள இரும்பு-ஜெர்மானியத்தில் அதே கணக்கு ஒரு டெஸ்லாவைக்கூடத் தொடாது. மாறாக, 2019இலும் 2020இலும் காடோலினியம் கலந்த சில சேர்மங்களில் 2, 3 நானோமீட்டர் அளவே உள்ள சுழல்கள் கண்டறியப்பட்டன. அங்கே கணக்குப்படி புலம் சில நூறு டெஸ்லாவாகிறது. அத்தகைய புலத்தை வெளியிலிருந்து காந்தம் வைத்து உண்டாக்குவது எளிதல்ல. ஆய்வுக்கூடங்களில் நொடியின் மிகச் சிறு பகுதிக்கு மட்டுமே அதை எட்ட முடியும்.

இது எலெக்ட்ரான் உணரும் புலமே தவிர, பக்கத்தில் வைத்த இரும்பாணியை இழுக்கும் புலம் அல்ல. இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது.

தள்ளினால் ஓடும், ஓடினால் விலகும்

சுழல் எலெக்ட்ரானைத் தள்ளுகிறது என்றால், எலெக்ட்ரானும் சுழலைத் திருப்பித் தள்ள வேண்டும் அல்லவா? அதுவும் உண்மைதான். 2010இல் மியூனிக் குழுவினர் சதுர மீட்டருக்குச் சுமார் 1 மில்லியன் ஆம்பியர் அடர்த்தியிலேயே சுழல்கள் அசையத் தொடங்குவதைக் காட்டினர். பெரிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் வீட்டுச் சுவருக்குள் ஓடும் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 10 ஆம்பியர் சென்றால், அங்கே அடர்த்தி சுமார் 6.7 மில்லியன் ஆம்பியர். சாதாரண காந்தப் பகுதிகளின் எல்லைச் சுவரை நகர்த்த அதைவிட ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு அடர்த்தி தேவைப்பட்டு வந்தது. அதனால்தான் உலகமே திரும்பிப் பார்த்தது.

2012இல் இன்னொரு விந்தை தெரிந்தது. சுழல்கள் நகரத் தொடங்கியதும் ஹால் மின்னழுத்தம் குறைந்தது. காந்தத்தை அசைத்தால் மின்சாரம் பிறக்கும் என்பது ஃபாரடே கண்ட விதி. மின் உற்பத்தி நிலையங்கள் பெரும்பாலானவை அதன்படியே இயங்குகின்றன. நகரும் சுழலோடு அதன் 'தோன்றும் காந்தப்புலமும்' நகர்வதால், அங்கும் ஒரு 'தோன்றும் மின்புலம்' பிறந்து, விலகலை ஈடுகட்டுகிறது. பள்ளிப் பாடத்தில் உள்ள ஃபாரடே விதி, ஒரு படிகத்துக்குள் புது வேடத்தில் மீண்டும் வந்து நின்றது.

ஆனால் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. சுழலை நேராகத் தள்ளினால் அது நேராக ஓடுவதில்லை. பக்கவாட்டில் விலகிச் செல்கிறது. சுழன்றபடி பறக்கும் பந்து வளைந்து செல்வதைக் காற்பந்து ரசிகர்கள் அறிவார்கள். ஏறக்குறைய அதைப் போன்ற விசைதான் இங்கும். ஸ்கர்மியான் ஹால் விளைவு எனப்படும் இது 2017இல் நேரடியாகப் படமாக்கப்பட்டது. குறுகலான பாதையில் ஓடும் சுழல் இப்படி ஓரத்தில் மோதினால் அழிந்துவிட வாய்ப்புண்டு. அதோடு அதில் எழுதியிருந்த தகவலும் போய்விடும்.

இதற்கு ஒரு மாற்று வழி கண்டிருக்கிறார்கள். எதிரெதிர் திசை கொண்ட இரண்டு காந்தப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால், மேல் சுழல் இடப்பக்கம் இழுக்கும், கீழ்ச் சுழல் வலப்பக்கம் இழுக்கும். இரண்டும் பிணைந்திருப்பதால் நேராக ஓடும். பிரான்சின் கிரெனோபிள் குழுவினர் 2024இல் இத்தகைய படலத்தில் நொடிக்கு 900 மீட்டர் வேகம் வரை காட்டினர்.

நினைவகமாக மாறுமா?

சுழல் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று வைத்துக்கொண்டால், அதுவே கணினியின் மொழி. ஐபிஎம் நிறுவனத்தின் ஸ்டூவர்ட் பார்க்கின், காந்தக் கம்பியில் தகவலை ஓடவிட்டுப் படிக்கும் 'ஓட்டப்பாதை நினைவகம்' பற்றி 2008இல் எழுதினார். அந்தப் பாதையில் ஸ்கர்மியான்களை ஓட விடலாம் என்று 2013இல் ஆல்பெர்ட் ஃபெர்ட்டும் அவர் குழுவினரும் விளக்கினர். கணினி வன்தட்டுகளின் கொள்ளளவு பெருகக் காரணமான கண்டுபிடிப்புக்காக 2007ஆம் ஆண்டின் இயற்பியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவர். அதே 2013இல் ஹாம்பர்க் ஆய்வாளர்கள் ஊசிமுனை நுண்ணோக்கியால் ஒற்றைச் சுழலை எழுதவும் அழிக்கவும் முடியும் என்று செய்து காட்டினர். ஆனால் அது திரவ ஹீலியத்தின் கடுங்குளிரில் நடந்தது.

குளிர் தேவைப்படும் நினைவகம் யாருக்கும் பயன்படாது. அறை வெப்பநிலையிலேயே சுழல்கள் நிற்கும் பொருள்கள் 2015, 2016ஆம் ஆண்டுகளில் பல இடங்களில் உருவாயின. சிங்கப்பூரின் பங்கு இங்கேதான் வருகிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஏ-ஸ்டார் ஆய்வு அமைப்பும் சேர்ந்து, இரிடியம், இரும்பு, கோபால்ட், பிளாட்டினம் ஆகியவற்றை நானோமீட்டர் கனத்தில் மாற்றி மாற்றி அடுக்கிய படலங்களைத் தயாரித்தன. அடுக்குகளின் கனத்தை மாற்றினால் சுழலின் அளவையும் நெருக்கத்தையும் விருப்பம்போல் அமைக்கலாம் என்று 2017இல் வெளியிட்டன. 2024 மார்ச்சில் ஏ-ஸ்டார், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடுத்த படியை எட்டினர். சில்லுகளில் பயன்படும் காந்தச் சுரங்கச் சந்தி என்ற அமைப்புக்குள்ளேயே ஒரு ஸ்கர்மியானை மின்சாரத்தால் உண்டாக்கி, மின்சாரத்தாலேயே படித்து, அழித்தும் காட்டியது அவர்களின் 'நேச்சர்' கட்டுரை. அதுவரை சுழலைக் காணப் பெரும்பாலும் நுண்ணோக்கியே துணை என்பதால் இது முக்கியமான படி.

இதில் எல்லாருக்கும் ஒரு பங்கு உண்டு. கைத்தொலைபேசியில் பார்க்கும் ஒவ்வொரு படமும் எங்கோ ஒரு தரவு நிலையத்தில் இருக்கிறது. 2020இல் சிங்கப்பூரின் மொத்த மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காட்டைத் தரவு நிலையங்களே பயன்படுத்தின. 2019 முதல் புதிய நிலையங்களுக்கான அனுமதி நிறுத்திவைக்கப்பட்டு, 2022இல்தான் நிபந்தனைகளோடு மீண்டும் தொடங்கியது. இதற்கிடையே ஜொகூரில் அத்தகைய நிலையங்கள் வேகமாகப் பெருகின. மின்சாரம் வேண்டும், குளிரூட்டத் தண்ணீர் வேண்டும். மின்சாரம் துண்டிக்கப்பட்டாலும் மறக்காத, சிறு உந்துதலிலேயே மாறும் நினைவகம் வந்தால் இந்தச் சுமையில் ஒரு பகுதி குறையும் என்பதே எதிர்பார்ப்பு.

மேடு கண்டதெல்லாம் ஸ்கர்மியானா?

எதிர்பார்ப்பு ஒருபுறம் இருக்க, எச்சரிக்கையும் வேண்டும். காந்தப்புலத்தை மெல்ல மாற்றிக்கொண்டே ஹால் மின்னழுத்தத்தை வரைபடமாக வரைந்தால், ஸ்கர்மியான்கள் உள்ள பகுதியில் ஒரு மேடு தோன்றும். படம் எடுக்கக் கடினமான பொருள்களில் பலர் இந்த மேட்டை மட்டும் கண்டு 'சுழல் இருக்கிறது' என்று எழுதினர்.

ஆனால் வேறு வழியிலும் மேடு வரலாம். ஒரே படலத்தில் இரண்டு பகுதிகள் இருந்து, ஒன்று கூட்டலாகவும் மற்றொன்று கழித்தலாகவும் மின்னழுத்தம் தந்து, இரண்டும் வெவ்வேறு காந்தப்புலத்தில் திசை மாறினால் போதும். ஒரு கடை லாபத்தையும் இன்னொரு கடை நட்டத்தையும் காட்டும்போது, ஒன்றின் கணக்கு இன்று மாறி மற்றதன் கணக்கு நாளை மாறினால், மொத்தக் கணக்கில் ஒருநாள் மட்டும் பெரிய தொகை தெரியுமே, அதுபோல. ஸ்டிரான்சியம் ருத்தேனேட் என்ற ஆக்சைடு படலங்களைப் பற்றி இந்த விவாதம் பலமாக நடந்தது. மேட்டோடு நேரடிப் படமோ நியூட்ரான் சான்றோ சேர்ந்தால்தான் முடிவு உறுதி என்ற பாடம் அதிலிருந்து கிடைத்தது.

இன்னொரு உண்மையும் உண்டு. மிகக் குறைந்த மின்னோட்டத்தில் சுழல்கள் அசைந்தது தூய படிகத்தில், கடுங்குளிரில், மிக மெதுவான வேகத்தில். அறை வெப்பநிலைப் படலங்களில் உள்ள குறைபாடுகள் சுழலைப் பிடித்து நிறுத்திவிடுகின்றன. அவற்றை வேகமாக ஓட்ட மீண்டும் பெரிய மின்னோட்டமே தேவைப்படுகிறது. ஸ்கர்மியான் நினைவகம் கொண்ட கணினி எதுவும் கடைக்கு வரவில்லை. மூளை நரம்புகளைப்போல் கற்றுக்கொள்ளும் கருவிகளுக்கு இந்தச் சுழல்கள் உதவுமா என்றும் சில குழுக்கள் முயன்று வருகின்றன.

ஆகவே 'காந்தச் சுழலால் கணினிப் புரட்சி' என்று நாளை ஒரு செய்தி கண்ணில் பட்டால், வாசகர்கள் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். அது நடந்தது அறை வெப்பநிலையிலா, கடுங்குளிரிலா? சுழலைப் படித்தது மின்சாரத்தாலா, நுண்ணோக்கியாலா? அந்தச் சுழல் எவ்வளவு காலம் அழியாமல் நின்றது? மூன்றுக்கும் நல்ல விடை இருந்தால் அது உண்மையிலேயே பெரிய செய்தி.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஸ்கர்மும், பெங்களூரில் ஒளியை ஆராய்ந்த பஞ்சரத்தினமும் கணினி நினைவகத்தை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். டோனெட்ஸ்க் ஆய்வாளர்களின் கணிப்பு மெய்ப்பட 20 ஆண்டுகள் ஆயின. பயன் உடனே தெரியாத கேள்வியைக் கேட்கும் பிள்ளையிடம் 'இதனால் என்ன லாபம்?' என்று பெற்றோர் கேட்பது வழக்கம். அப்படிக் கேட்கும் முன் இந்தக் கதையை ஒருமுறை அந்தப் பிள்ளைக்குச் சொல்லலாம். ரம்புத்தான் காலத்தில் சொன்னால், கையில் பழத்தை வைத்துக்கொண்டே விளக்கிவிடலாம்.